ஈரத்தில் தெரியும் எழுத்து

"யாரக் கேட்டும்மா என் மாட்டுக் கொட்டாய் செவுத்துல இந்தக் கருமாந்திரத்த எழுதின?"

பலராமன் போட்ட சத்தத்தில், மலை சுற்றும் பாதையில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தென்றல் நீலச் சாயம் ஒட்டிய கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். திருவண்ணாமலையில் கல்லூரி படிக்கிற பெண். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கென்று அடி அண்ணாமலைக்கு வந்து, காலையிலிருந்து வெயிலில் நின்று எழுதியிருந்தாள்.

"உங்களத்தான் சார் கேட்டேன். எழுதிக்கோன்னு சொன்னீங்களே."

"நான் ஏதோ குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்புன்னு நெனச்சேன். நாளைக்கு என் பையனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க வீடு பாக்க வராங்க. கை நனைக்கிற நாளு. சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி அவங்க இந்த ஆணுறையத்தான் பாக்கணுமா?"

வாசலுக்கு நேர் எதிரே இருந்த அந்தச் சுவரில் மூன்று வரிகள்.

ஆணுறை வெட்கமல்ல, பாதுகாப்பு.

முகத்தைப் பார்த்து எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க முடியாது.

கல்யாணத்துக்கு முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பாதையோர மதகின் மேல் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்த ஊர்ப் பையன் சக்திவேல், இதற்காகவே காத்திருந்தவன் போல வாயைத் திறந்தான். "அக்கா, மொத வரி புரியல. கொஞ்சம் வெளக்கமா சொல்லேன்."

கூட இருந்தவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி டவுன்ல ரூம் போடறேன்னு காலைலேர்ந்து பீத்திக்கினியே. அது தெரியுது, இது புரியலயா?" என்றாள் தென்றல்.

சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. சக்திவேலுக்கு மூக்கு சிவந்தது.

"அதெல்லாம் கண்டவகிட்ட போறவனுக்கு வர்றது. நாங்க தெரிஞ்ச பொண்ணுங்ககூடதான். சும்மா ஜாலிக்கு. நோவு இருந்தா மூஞ்சிலயே தெரியும்க்கா."

"ரெண்டாவது வரியப் படி."

"நீ எழுதிட்டா ஆச்சா? எங்க அன்பரசன் லாரில பம்பாய் வரைக்கும் போறான். தோ, ஆதவன் பெங்களூர்லேர்ந்து வந்துக்கிறான். எல்லாம் தக்காளி கணக்கா இருக்கானுங்க."

பலராமனின் மகன் ஆதவன், வாசற்படியில் நின்றிருந்தவன், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

"கல்யாண மாப்ளைக்கு வெக்கத்தப் பாரு!" என்று ஒருவன் விசிலடித்தான்.

அதற்குள் சுண்ணாம்பு வாளியோடு அர்ஜுனன் வந்துவிட்டார். வெள்ளையடிப்பது அவர் தொழில். பலராமன் வீடு முழுக்க அவர் அடித்ததுதான்; சுவர் எல்லாம் பளிச்சென்று இருந்தது. தென்றல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, உங்களுக்குப் பொண்ணு இருக்குதா?"

"இருக்குதும்மா. தேவிப்ரியா. இந்த வூட்டுக்குத்தான் மருமவளா வரப்போவுது." அவருக்கு வாயெல்லாம் பல். "எங்கள மாதிரி கூலிக்காரன் வூட்டுல வந்து, நகை நட்டு ஒண்ணும் வேணாம், பொண்ண மட்டும் குடுன்னு கேட்டாங்க. சாமி மாதிரி மனுசரு."

"உங்க பொண்ணு மாதிரி இருக்கறவங்களுக்குத்தான்யா எழுதினேன். பள்ளிக்கூடத்துல இந்தப் பாடம் வந்தா, வீட்டுல படிச்சுக்கோங்கன்னு தாண்டிப் போயிடறாங்க. வீட்டுல கேட்டா அடி விழுது. அப்புறம் எங்கதான் தெரிஞ்சுக்கறது?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பச்சக் கொழந்த மாதிரி. இதெல்லாம் படிச்சா கெட்டுப் போயிடும்."

தென்றல் பலராமனிடம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "சார், அந்த மொத வரிய நானே அழிச்சிடறேன். உங்களுக்கு அதுதானே அசிங்கம்? மத்த ரெண்டும் இருக்கட்டும். அதுல என்ன தப்பு இருக்குது?"

பலராமன் ஒரு கணம் தயங்கினார். "பாதி அழிச்சு பாதி உட்டா பாக்கறவன் சிரிப்பான். முழுசா போவணும்."

அர்ஜுனன் வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்துக்கொண்டு சுவரருகே போனார். நாற்பது வயதில் அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து. எதைக் கண்டாலும் கூட்டிப் படிக்காமல் அவரால் நகர முடியாது.

"கல்... யா... ணத்... துக்கு... மு..."

"சம்பந்தி! எழுத்து கூட்டிக்கினு நின்னா பொழுது பூடும். கீழேர்ந்து அடிங்க."

"மேலேர்ந்துதான் அடிக்கணும். இல்லனா வழிஞ்சி கோடு கோடா நிக்கும்."

"சொல்றதச் செய்யுங்க."

அர்ஜுனன் கீழேயிருந்து அடித்தார். தென்றல் தூரிகைகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். சுண்ணாம்புக்கு அடியில் நீலம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

"தெரியுதே?" என்றார் பலராமன்.

"ஈரத்துல அப்பிடித்தான். காஞ்சா தெரியாது."

இரண்டாம் பூச்சு முடிகிறவரை பலராமன் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மனைவி ராஜம்மாள் கதவோரமே நின்றிருந்தாள்.

"அந்த வரி போச்சா?"

"அதத்தான் மொதல்ல அழிக்கச் சொன்னேன். ஆணுறை இருந்தா இருந்துட்டுப் போவுது. பொண்ணோட தாய்மாமன் வாத்தியாரு. அதப் படிச்சிட்டு, ரத்தம் பாக்கலாமான்னு கேட்டுட்டா?"

ராஜம்மாள் அரிசிப் பானைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய மாத்திரைப் புட்டியை எடுத்து ஆதவனிடம் நீட்டினாள்.

"முழுங்குடா. ஒரு வேளகூட உடக்கூடாதுன்னு மெட்ராஸ் டாக்டர் சொன்னாரில்ல. அந்தப் பொண்ணு வந்தப்புறம் இத எங்க ஒளிக்கறதோ."

வெளியே வெயிலில் நின்று அர்ஜுனன் சந்தோஷமாகக் கத்தினார். "சம்பந்தி, வந்து பாருங்க! காஞ்சிடுச்சு. ஒரு எழுத்துகூட தெரியல!"