மூலையில் ஒரு ‘வேண்டாம்’

“பிச்சை எடுக்கறதுக்கு மிஷின் வேற வாங்கி வச்சிருக்கீங்களாம்மா?”

தொப்பிக்காரப் பெரியவர் போட்ட சத்தத்தில் உணவகத்தின் வரிசை மொத்தமும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கியது. கல்லாவில் நின்ற இளம்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

அவருக்கு நேர் பின்னால், மனைவியோடு நின்றிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. சத்தத்தால் அல்ல. அது அச்சு அசலாக அவருடைய சொந்த வசனம்.

போன வாரம் ஒரு பார்சல் கடையில், பணம் கட்டும் திரை ‘டிப்ஸ் பத்து சதவீதமா, பதினைந்தா, இருபதா?’ என்று கேட்டபோது அவரும் இதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு, திரையின் மூலையில் கடுகு சைஸுக்கு ஒளிந்திருந்த ‘வேண்டாம்’ பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

அவர் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு கல்லாவில் கால் கடுக்க நின்றவள். அன்று ராத்திரி சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, “நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க, டிப்ஸ் மிச்சம்” என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரமாக வீட்டிலும் சுயசேவைதான். இன்றைக்கு அவளைச் சமாதானப்படுத்தத்தான் வெளியே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

“கட்டாயம் இல்ல சார், விருப்பம் இருந்தா போதும்” என்றாள் கல்லாப் பெண். தொப்பிக்காரர் கேட்காமலே ஒரு கிண்ணம் சூப்பை அவர் தட்டில் வைத்து, “உப்பு கம்மிதான்” என்றாள்.

“விருப்பமா? மூஞ்சிக்கு நேரா திரையைத் திருப்பி வைக்கிற. பின்னால ஒரு ஊரே நின்னு வேடிக்கை பாக்குது. இதுக்குப் பேரு விருப்பமா, வழிப்பறியா?”

“சார், கொஞ்சம் மெதுவா…”

“ஏன் மெதுவா? தட்டை நான் எடுத்தேன். தண்ணிய நான் புடிச்சேன். தின்னு முடிச்சதும் மேஜையையும் நானே தொடைக்கணும். நியாயமா பாத்தா நீதான் எனக்கு டிப்ஸ் குடுக்கணும்!”

பாயிண்ட்தான். மெக்கானிக்கால் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. அவரும்தான் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைப் பிளந்து வெளியே இழுத்துப் போடுகிறார். ஒருத்தராவது டிப்ஸ் தந்ததுண்டா? நன்றிகூடச் சொல்லாமல் பாத்ரூமைத் தேடி ஓடுகிறார்கள்.

ஆனால் அதே நியாயத்தை இன்னொருத்தர் வாயால் கேட்கும்போது ஏன் இப்படி நாறுகிறது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

மனைவி ஒரு வாரம் கழித்து முதல் முறையாக வாயைத் திறந்தாள். “உங்க கூடப் பொறந்தவரா? சொல்லவே இல்ல.”

தொப்பிக்காரர் விரலை வானத்துக்குத் தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி ‘வேண்டா…ம்!’ என்று ராகம் போட்டு அழுத்திவிட்டு, தட்டோடு ஜன்னலோர மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். மனுஷன் சூப்பை உறிஞ்சும் சத்தம் கல்லாவரை கேட்டது.

மெக்கானிக்கின் முறை வந்தது. கல்லாப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமலே திரையைத் திருப்பினாள்.

மூலையிலிருந்த ‘வேண்டாம்’ அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. பின்கழுத்தில் மனைவியின் பார்வை இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது. கட்டைவிரல் தானாகப் போய் இருபதில் விழுந்தது.

“அந்த ஆளு பேசினதை மனசுல வச்சுக்காதம்மா” என்றார் குரலைக் கனிவாக்கிக்கொண்டு. “சில ஜென்மங்க அப்படித்தான்.”

மனைவிக்குப் புரையேறியது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

அவருக்குப் பின்னால் வந்த டை கட்டிய இளைஞனும் இருபதையே அழுத்தினான். அவனுக்கு அடுத்து நின்ற அம்மாள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “இருபதுக்கு மேல இல்லையா? பாவம் பொண்ணு” என்று ஜன்னல் பக்கம் திரும்பி முறைத்தாள்.

சாப்பாடு அமிர்தமாக இறங்கியது. வறுத்த கோழி கொஞ்சம் காய்ந்துதான் போயிருந்தது, ஆனால் மனைவி தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தாள். “பரவால்லங்க. உங்களுக்கும் மனசு இருக்கு” என்றாள். மெக்கானிக் சிரித்த சிரிப்பை லாட்டரி அடித்தவர்கூடச் சிரித்திருக்க மாட்டார்.

அவள் கை கழுவப் போனாள். இவர் இரண்டு தட்டுகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. கல்லாப் பக்கம் பார்த்தவருக்கு ரத்தம் கொதித்தது.

தொப்பிக்காரர் மறுபடியும் அங்கே நின்றுகொண்டிருந்தார்! கல்லாவின் மேல் கவிழ்ந்து, கீழ்க்குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவு திட்டியும் ஆசை அடங்கவில்லையா இந்தக் கிழத்துக்கு? இருபது சதவீதத்துக்கே பாதி ரொட்டி கிடைத்ததென்றால், இப்போது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு வைத்தால் வீட்டில் என்னென்ன கிடைக்குமோ! மெக்கானிக் தட்டுகளைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக் கல்லாவை நோக்கி நடந்தார்.

கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண் அழவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்:

“நாளைக்கு எனக்கு வேற வேலை இருக்குடா கண்ணு. உங்க அம்மாவை அனுப்பறேன், சண்டை போடறதுல அவ என்னைவிட கெட்டிக்காரி!”