கிளட்ச்சை எரித்தவன்

கார் சாவியைக் கொடுத்துவிட்டு, நாளை முதல் கடையில் உட்கார்ந்து புடவை மடிக்கும்படி டிரைவர் ஜெயவேலுவிடம் சொல்லிவிட்டார் பட்டுக்கடை முதலாளி அமர்நாத். கிளட்ச் பிளேட் மறுபடியும் எரிந்துபோனதுதான் காரணம்.

சேதி தொழிற்சங்கத் தலைவர் தசரதன் காதுக்கு எட்டியது. கூலிப் போராட்டங்களில் நரைத்த தலை. முதலாளிகளில் நல்லவன் கிடையாது என்று துண்டறிக்கைகளில் படித்து, பிறகு தானே துண்டறிக்கை எழுதி, ஆரணித் தெருவெல்லாம் கொடுத்தவர். அதில் ஒரு வரியைக்கூட அவர் இன்றுவரை திருத்தியதில்லை.

கொடியோடு வந்த ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு, ஜெயவேலுவோடு உள்ளே போனார்.

"கிளட்ச்ச எரிச்சிட்டான்றீங்க. ஏன் எரியுதுன்னு யோசிச்சீங்களா?"

அமர்நாத் நாற்காலியைக் காட்டினார். தசரதன் நின்றபடியே தொடர்ந்தார்.

"இவன் குழித்தறியில வளந்தவன். தறியில உக்காந்தா கால் மிதிய விட்டு எழும்பாது. அதே கால் இங்க கிளட்ச் மேலயே உக்காந்துகினு இருக்கு. கியர் மாத்தினதும் கால எடுக்காம லேசா அழுத்திகினே இருந்தா பிளேட் வழுக்கித் தேஞ்சி எரியத்தான் செய்யும். பழக்கதோஷம். பொறுமையா சொல்லிக் குடுத்தா மாறிடப்போறான். அதுக்கு ஒருத்தன் பொழப்புல மண்ணப் போடுவீங்களா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், தலைவரே" என்றார் அமர்நாத். மேசையிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். "கடைக்குப் பின்னாடி காலி மனையில இவன ஒரு சுத்து ஓட்டச் சொல்லுங்க. ரோட்டுக்குப் போவாதீங்க. பக்கத்துல உக்காந்து இடது கால மட்டும் பாருங்க. அப்பறமும் குடுன்னு சொன்னீங்கன்னா, சாவி அவனுக்கே."

பாதி ஜெயித்த மிடுக்கோடு தசரதன் காரில் ஏறினார்.

ஜெயவேலுவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வண்டி அலுங்காமல் கிளம்பியது. இரண்டாவது கியரும் விழுந்தது. கால் மட்டும் கிளட்ச் மேலேயே இருந்தது.

"கால கீழ வை, ஜெயவேலு."

"கீழதாங்க வச்சிருக்கேன், தலைவரே."

தசரதன் குனிந்து பார்த்தார். கால் பெடல் மேல்தான் இருந்தது. இவனுக்காகச் சண்டைக்கு வந்தால், இவன் என் முகத்துக்கு நேராகவே பொய் சொல்கிறானா? சுர்ரென்று கோபம் ஏறியது. கையிலிருந்த குடையின் நுனியால் அந்தப் பாதத்தில் ஒரு குத்துக் குத்தினார்.

ஜெயவேலு திரும்பவில்லை.

இன்னும் அழுத்தினார்.

"பாத்தீங்களா தலைவரே, வண்டி எப்டி வெண்ணெ மாரி போவுதுன்னு" என்றான் ஜெயவேலு, முன்னால் பார்த்துக்கொண்டே.

தசரதன் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

ஜெயவேலுவை வாசல் பக்கம் அனுப்பிவிட்டு, தனியாக உள்ளே போய்ச் சாவியை மேசைமேல் வைத்தார். அமர்நாத் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சக்கரையா இருக்கும்னு தோணுது. கால் மரத்துப்போனது அவனுக்கே தெரியல. டாக்டர்கிட்ட வாடான்னா, எனக்கு இன்னா கொறைச்சல்ன்றான். அதான் கிளட்ச் மேல பழியப் போட்டு எறக்கினேன். சம்பளத்துல கைவைக்க மாட்டேன். காலையில வேலூருக்கு நானே இழுத்துகினு போறேன், டாக்டர் வாயால கேக்கட்டும். வாசல்ல அத்தன பேர் முன்னாடி அவன் கேக்க வேணாம், தலைவரே."

தசரதன் வெளியே வந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஜெயவேலு சிரித்த முகத்தோடு படிமேல் நின்றிருந்தான்.

"மொதலாளி சொல்றதுதான் நியாயம்" என்றார் தசரதன். அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. "தப்பு இவன் மேலதான். வண்டி வேணாம். கடையிலயே உக்காரட்டும்."

ஜெயவேலுவின் முகம் சுண்டிப்போனது. கொடியைச் சுருட்டிக்கொண்டே அருள்தாஸ் கேட்டான், நேற்றுவரை தசரதன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன்.

"வீட்டுக்கு நல்ல பட்டுப் பொடவையா பாத்து வாங்கிகினீங்களா, தலைவரே?"

இப்படிப்பட்ட சொல்லுக்கு மேடையேறிப் பதில் சொல்லியே பழகியவர், அவனைத் தாண்டி நடந்தார். ஜெயவேலுவின் அருகே போய், அவன் தட்டிவிட்ட கையை மறுபடியும் அவன் தோளில் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"படி இருக்குதுடா. கீழ பாத்து எறங்கு."