புல்லோடு புல்லாக

ஹந்தானை மலைச்சரிவில் மானாப்புல்லுக்கு நடுவே பூச்சி ஆய்வாளர் நதா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, வலைமூடி போட்ட டப்பாவுக்குள் மூன்று ஆண் வெட்டுக்கிளிகள் குட்டைச் சிறகுகளை உரசிப் பாடுகின்றன. பறக்கத் தெரியாத இனம்; இந்தச் சரிவைத் தவிர வேறெங்கும் யாரும் கண்டதில்லை. பெட்டை பாடாது. பாட்டைக் கேட்டு நடந்து வரும், அதுவும் பக்கத்தில் ஆள் அசையாமல் இருந்தால்தான். ஒரு பெட்டையாவது கிடைக்காவிட்டால் இந்த மூன்றும் பாடிப் பாடியே செத்துப்போகும், இனமும் அதோடு சரி. மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று கீழே யாரோ வைத்த தீ மேலேறி வருகிறது. சற்றுமுன் கண்ணாடித் துண்டாக மின்னிய கண்டி வாவி புகையில் காணாமல் போய்விட்டது. தண்டுகள் படபடவென்று வெடிக்கின்றன. கருகிய புல்தாள் ஒன்று மிதந்து வந்து அவள் கன்னத்தில் ஒட்டுகிறது. தட்டிவிடக்கூட அவளுக்குத் தைரியமில்லை.

“நதா, நெருப்பு கிட்ட வந்திருச்சி. வாங்க, போயிருவோம்.” கூட வேலை செய்யும் சுபாஜினியின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது.

“கொஞ்சம் இரிங்க. அந்தா வருது.”

முட்டையால் வயிறு பருத்த பெட்டை, கைக்கெட்டாத தூரத்தில் ஒரு தாளின்மேல் கால் வைக்கிறது. மீசை பாட்டின் பக்கம் திரும்புகிறது. அந்நேரம் புகை டப்பாவுக்குள் புகுந்து, ஒவ்வொன்றாக மூன்று பாட்டும் நிற்கின்றன. பெட்டையும் நிற்கிறது. பயந்தால் அதற்கு ஓடத் தெரியாது. புல்லோடு புல்லாக அசையாமல் இருக்கத்தான் தெரியும். எரியும் கண்ணை நதா ஒருமுறை கொட்டுகிறாள். இப்போது அவள் முன்னால் வெறும் புல்தான் இருக்கிறது.