திறப்பை ஒளிச்சு வையுங்கோ

"கார்த் திறப்பை ஒளிச்சு வையுங்கோ, செலீன் வாறாள்!"

நாங்கள் வாசலில் சப்பாத்துக் கழற்றுவதற்குள் அன்ரனெற் மச்சாளின் குரல் வந்துவிட்டது. பிறந்தநாளுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

மச்சாள், செலீன் அக்காவின் கணவரான அத்தானின் மூத்த சகோதரி. போன வருடம், தொண்ணூற்றைந்து தை மாதம், அவருடைய காரை இரவல் வாங்கிப் போன செலீன் அக்கா, மில்லிக்கனில் பனியில் சறுக்கி மின்கம்பத்தில் மோதினாள். அக்காவுக்குக் கீறல்கூட இல்லை. காருக்குத்தான் மூக்கு உடைந்தது.

அன்றிலிருந்து அக்கா ஸ்ரியரிங்கைத் தொடவில்லை. மச்சாள் அந்தக் கதையை விடவில்லை.

இந்தப் பிறந்தநாளன்று அக்காவால் சிரிக்க முடியவில்லை. நகருக்கு வெளியே ஸ்ரௌவ்விலில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை விடிய ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நாங்கள் இருந்த டோர்செட் பார்க்கிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. அத்தானோ இரவு வேலைக்குக் கூட்டாளியின் காரில் போய், ஏழு மணிக்குப் பிறகுதான் வருவார். வீட்டில் கார் சும்மா நின்றது. ஓடத்தான் ஆளில்லை.

"கார் ஓடப் பயந்தவளுக்கு ஸ்ரௌவ்விலில என்ன வேலை?" மச்சாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். "சனிக்கிழமை என்னோட வா. ஐசில கார் ஓடப் பழக்கிற பள்ளிக்கூடம் ஒண்டு இருக்காம். ரேஸ் ஓடின ஆக்கள் பழக்கினமாம். நான் ஓடுறதைப் பாத்தாவது பழகு."

"காரை உடைச்சவள் வாய் காட்டேலாது," என்று அக்கா என் காதுக்குள் சொன்னாள். "நீயும் வா. தனிய என்னால அந்த வாயோட இருக்கேலாது."

சனிக்கிழமை போனோம். ஸ்ரௌவ்விலையும் தாண்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பண்ணை வீதி. மச்சாள் ஓரிடத்திலும் நிறுத்தி வழி கேட்கவில்லை.

பழைய விமான ஓடுபாதை ஒன்றில் தண்ணீர் விட்டு உறைய வைத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரி ஐஸ். அதன்மேல் வளைந்து வளைந்து ஆரஞ்சுக் கூம்புகள்.

இறங்கியதும் மச்சாள் பயிற்சியாளர் டக்கிடம் ஓடிப்போய் ஏதோ குசுகுசுத்தார். டக் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"கம்பத்தின்ர கதை வெள்ளைக்காரனுக்கும் போயிட்டுது," என்றாள் அக்கா. அவளுடைய முகம் சிவந்திருந்தது.

டக் எங்கள் கையில் ஒரு வோக்கி-ரோக்கியைத் தந்தார். "கார் சறுக்கினால் பிரேக்கை விடுங்கள். மோதப் போகிற இடத்தைப் பார்த்தால் அங்கேதான் போவீர்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்."

முதலில் மச்சாள் ஓடினார். அக்கா பக்கத்தில், நான் பின்னால்.

முதலாவது கூம்பு பறந்தது. இரண்டாவதும் பறந்தது. "மாதாவே!" என்று மச்சாள் பிரேக்கை மிதிக்க, கார் பம்பரம் மாதிரிச் சுற்றி மிச்சக் கூம்புகளையும் வாரிக்கொண்டு நின்றது. ஒன்று பம்பரின் கீழ் சிக்கிக் கிடந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி சிரிப்பு?" மச்சாள் சீறினார். "நான் அடிச்சது பிளாஸ்ரிக். நீ அடிச்சது கம்பம்!"

அக்காவின் சிரிப்பு நின்றது.

"இறங்குங்கோ மச்சாள்."

"எதுக்கு?"

"நான் ஓடுறன்."

"ஐயோ வேண்டாம். இந்தக் காருக்கும் மூக்கு இல்லாமல் போயிடும்."

"இறங்குங்கோ எண்டுறன்!"

அக்கா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மச்சாள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கி மற்றப் பக்கம் வந்தார். அதற்குள் கூம்புகளைத் திரும்ப நிறுத்திவிட்டார்கள்.

அக்கா சீற்றை முன்னுக்கு இழுத்து ஸ்ரியரிங்கைப் பிடித்தாள். கார் மெல்ல நகர்ந்தது. முதல் வளைவிலேயே பின்பக்கம் இழுத்தது. கூம்பு எங்களை நோக்கி வந்தது.

"கம்பம்! கம்பம்!" என்றார் மச்சாள்.

"வாயை மூடுங்கோ!"

அக்கா பிரேக்கை விட்டாள். கூம்பைப் பார்க்கவில்லை. தூரத்தில் திறந்து கிடந்த பாதையைப் பார்த்தாள். கார் ஒரு தரம் ஆடி, நேரானது. அடுத்த கூம்பு தப்பியது. அதற்கடுத்ததும் தப்பியது. முழுப் பாதையையும் முடித்துக்கொண்டு நின்றபோது ஒரு கூம்புகூட விழவில்லை.

"ஏதோ குருட்டு அதிஷ்டம்," என்றார் மச்சாள். "இன்னொருக்கா ஓடு பாப்பம்."

அக்கா ஓடினாள்.

"மெதுவா ஓடினால் ஆருக்கும் வரும்."

அக்கா வேகமாக ஓடினாள். ஐஸ் தூள் சன்னலில் பறந்தது. கடைசி வளைவில் காரை வேண்டுமென்றே சறுக்க விட்டுத் திருப்பி, "பாத்தீங்களோ மச்சாள்! பாத்தீங்களோ!" என்று அக்கா கூவினாள். "திங்கள் விடிய நானே ஓடிப் போவன்!"

கரையில் நின்றவர்கள் இப்போது சிரிக்காமல் கைதட்டினார்கள். மச்சாள் மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே பார்த்தார். ஒரு வார்த்தை பாராட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

வோக்கி-ரோக்கியைத் திருப்பிக் கொடுக்க நான் போனேன். எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. ஆனாலும் கூம்புகளை நொறுக்கியதற்கு மச்சாளுக்காக டக்கிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அத்தனை கூம்பையும் தவறாமல் இடிக்க எவ்வளவு திறமை வேண்டும் தெரியுமா? போன சனிக்கிழமை இதே பாதையில் ஒன்றைக்கூடத் தொடாமல் ஓடியவர் அவர். அப்போதே உன் அக்காவைப் பற்றிச் சொன்னார்."

நான் காருக்குத் திரும்பினேன். அக்கா ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை.

"என்னவாம் அவர்?" என்று கேட்டாள்.

மச்சாள் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்ரனெற் மச்சாள் இன்னும் கனக்கப் பழகோணுமாம்," என்றேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இனி எல்லாரும் திறப்பை ஒளிச்சு வையுங்கோ, அன்ரனெற் மச்சாள் வாறா!"

மச்சாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீற் பெல்ற்றை இழுத்துப் போட்டார்.