புருவக் கோடு

பள்ளிக்கூடத்தில் நடக்கும் ஒரு கொலைப் படத்தில் கடைசி பெஞ்சு ரவுடியாக நடிக்கத் திருமாறனைத் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்பில் வேதியியலுக்கு முதல் மார்க் அவன்தான்.

"படிக்கிற பையனுக்குக் கண்ணாடி போட்ட ஆள் இருக்கு தம்பி. உன் மூஞ்சி இதுக்குத்தான்" என்ற உதவி இயக்குநர், அவனுடைய இடது புருவத்தின் நடுவில் ரேசரால் ஒரு கோடு இழுத்தார். படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரமாகியும் அந்தக் கோட்டில் முடி சரியாக முளைக்கவில்லை.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் புருவத்தைப் பார்த்தார். திருமாறனின் மேசையிலிருந்த அமில பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சார், உப்பு என்னன்னு கண்டுபிடிக்க அது வேணும் சார்."

"வேணும்கிறப்போ கையைத் தூக்கு. நானே வந்து ஊத்துறேன்."

பக்கத்து மேசையில் சோதனைக் குழாய் நுரைத்தது. "டேய் ரவுடி, எனக்கே வந்துடுச்சுடா" என்று கிசுகிசுத்தான் நண்பன் வில்சன்.

இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. திருமாறன் கையைத் தூக்கினான். தேர்வாளர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு பாட்டிலின் மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.