தேய்ந்த குதிகால்

1997 மழைக்காலம். விக்கிரமசிங்கபுரத்தில் பட்டறை வைத்திருந்த முத்துமாலை, போலியோவால் கால் சூம்பி நடக்கவே முடியாத சிறுமி தேன்மொழிக்குக் கார்பன் ஃபைபரில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கி நடக்கவைக்கும் கவசம், செய்தார். பாரம் கூடிவிடுமென்று ஜெல்கோட் என்னும் மேல்பூச்சைப் பூசவில்லை. அதனால் ஒரு கீறல் விழுந்தாலும் கறுப்பு நெசவில் பளிச்சென்று தெரியும்.

மறுநாள் காலையில் பார்த்தால் குதிகால் தேய்ந்திருந்தது. உள்ளே ஆற்றுமணல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி ரெசின் பசை பூசினார். அடுத்த நாளும் அதே தேய்மானம், அதே மணல்.

"எவம்லே எம் பொழப்புல வெளையாடுதான்? ராத்திரி பூரா இதப் போட்டுட்டு நடக்கானா?"

"பட்டறைச் சாவி ஒங்க மடியிலதான கெடக்கு," என்றாள் மனைவி வடிவம்மாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாகவே ஒன்று செய்தார். அச்சிலிருந்து கழற்றும்போதே அதற்கும் குதிகால் தேய்ந்திருந்தது.

வெறுத்துப்போய், அதையே கொடுத்துத் தொலைக்கலாமென்று தேன்மொழியை வரச் சொன்னார். தகப்பன் அவளைத் தோளிலிருந்து இறக்கி உட்காரவைத்தான். அவர் காலிப்பரை எடுப்பதற்குள் அவள் முகம் சுளித்தாள்.

"மாமா, கணுக்கால்ல உரசுது. கொஞ்சம் தேச்சு விடுங்க."

"போட்டே பாக்கல, அதுக்குள்ள உரசுதாக்கும்!"

எரிச்சலோடு அவள் காலைப் பிடித்துத் திருப்பினார். கணுக்காலில் பழைய காய்ப்பு. விரலிடுக்கில் மணல் இன்னும் ஈரமாக இருந்தது.