ஒத்தை ஃபேன் கார்டு

ஜலகண்டாபுரத்தில் வீட்டில் தன் அறையிலேயே கல்யாண வீடியோ எடிட் பண்ணும் மணிமாறன், கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் புது மனைவி இலக்கியாவோடு சேலத்துக் கடைக்கு வந்திருந்தான்.

"ரெண்டுலயும் சிப்பு ஒண்ணுதாங்க," என்றார் கடைக்காரர். "இது சிப்பு கம்பெனியே போட்ட டிசைன். ஒத்தை ஃபேன், வேலை ஏறினா இரையும். அது வேற கம்பெனிக்காரங்க மாத்திச் செஞ்சது. மூணு ஃபேன், சத்தமே வராது. விலையில வித்தியாசமில்லீங்க."

மணிமாறனின் கை மூணு ஃபேன் பக்கம் போனது.

"ஒத்தை ஃபேனே குடுங்க," என்றாள் இலக்கியா.

"அம்மணி, அது மிக்ஸியாட்டக் கத்துமுங்க!"

"கத்தட்டுமுங்க. அதுதான் வேணும்."

மணிமாறனுக்குச் சுருக்கென்றது. நான் வேலை செய்கிறேனா, தூங்குகிறேனா என்று சத்தத்தை வைத்தே வேவு பார்க்கப் போகிறாளோ? அவளை ஓரமாகக் கூட்டிப்போனான்.

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"ஏனுங்க, ஊட்டுல தறி ஓடுன வரைக்கும் அந்தச் சத்தத்துல நாம பேசுறது ஆருக்கும் கேக்கல. மாமா தறியைக் குடோனுக்கு மாத்துனதுல இருந்து, நம்ம ரூமுக்குள்ள நான் மெல்லச் சிரிச்சாக்கூட, 'என்ன கண்ணு சிரிப்பு?'ன்னு அத்தை வெளிய இருந்து கேக்குறாங்க."

மணிமாறன் விறுவிறுவென்று கடைக்காரரிடம் திரும்பி வந்தான்.

"ஏனுங்க, இதைவிடச் சத்தமாக் கத்துற மாடல் எதாச்சும் இருக்குதுங்களா?"